போபாலில் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை, சீட்டுக்குத்தான்

கேட்கப்பட்ட கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: "போபால் விஷவாயுவில் பாதிக்கப்பட்டவர்களுக்கென்றே தனி மருத்துவமனைகள் இருக்கின்றன. சிகிச்சையும் இலவசம். பிறகும் ஏன் ஒவ்வொரு டிசம்பரிலும் சிகிச்சை கிடைக்கவில்லை என்று தெருவுக்கு வருகிறார்கள்? நாற்பது வருடம் ஆகிவிட்டது, இனி எத்தனை பேர்தான் மிச்சம் இருப்பார்கள்?"

வேதித் தொழிற்சாலைகளால் வரும் நோய்களைப் பற்றி நெடுநாளாகப் படித்துவருபவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

கட்டடக் கணக்கில் நீங்கள் சொல்வது சரிதான். விஷவாயு நிவாரணத்துக்கென்று மத்தியப் பிரதேச அரசில் தனித் துறையே இருக்கிறது. அதன் கீழ் ஜவாஹர்லால் நேரு, கமலா நேரு, சாகிர் அலி கான், இந்திரா காந்தி என்ற பெயர்களில் மருத்துவமனைகள், பகுதிக்குப் பகுதி சிறு மருந்தகங்கள். இது போதாதென்று 2000இல் 350 படுக்கைகளோடு போபால் நினைவு மருத்துவமனை வந்தது. இந்தியாவின் பல பெரிய நகரங்களில் ஏழைகளுக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது. ஆகவே தடை கட்டிலில் இல்லை என்பதை ஒப்புக்கொண்டுதான் பேச்சைத் தொடங்க வேண்டும். தடை வேறு இடத்தில் இருக்கிறது: அந்த நோய் என்ன என்று எவரும் ஒழுங்காக எழுதிவைக்கவில்லை.

நம் ஊர் பெரியாஸ்பத்திரி வரிசையில் நின்றவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமானது. முன்னால் நிற்கும் பாட்டி கையில் ஒரு மஞ்சள் பை. உள்ளே மடிப்பு மடிப்பாகப் பழைய ஓ.பி. சீட்டுகள், ஓரம் சுருண்ட எக்ஸ்ரே, மருந்துக்கடை ரசீது. உள்ளே போனதும் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி "பழைய சீட்டு இருக்கா?" அந்தப் பை இல்லாவிட்டால் பாட்டியின் பத்து வருட நோய் அன்று காலைதான் பிறந்த நோயாகிவிடும். போபாலில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தப் பை இல்லாமல் வரிசையில் நிற்கிறார்கள். எப்படி அந்த நிலை வந்தது என்பதுதான் முழுக் கதையும்.

1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு, 3ஆம் தேதி பிறக்கும் நேரம். யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லி ஆலையில் 610ஆம் எண் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்து, சூடேறி, சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட் வெளியேறியது. காற்றைவிடக் கனமான வாயு. தரையோடு தரையாக நகர்ந்து ஆலையை ஒட்டிய ஜே.பி. நகர், காஜி கேம்ப், சோலா பகுதிக் குடிசைகளுக்குள் இறங்கியது. தூக்கம் கலைந்தவர்கள் முதலில் நினைத்தது, பக்கத்து வீட்டில் யாரோ காய்ந்த மிளகாயை நெருப்பில் போட்டுவிட்டார்கள் என்று. ஓடியவர்கள் அதிகம் மூச்சிழுத்தார்கள், அதனால் அதிகம் விஷம் ஏறியது. ஓடாமல் ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொண்டிருந்தால் பலர் பிழைத்திருக்கலாம். இதை அவர்களுக்குச் சொல்லி வைத்தவர் யாருமில்லை.

ஹமீதியா மருத்துவமனைக்கு விடிவதற்குள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தார்கள். கண் திறக்க முடியவில்லை, நுரையீரலில் நீர் கோத்து வாயில் நுரை. என்ன வாயு, மாற்று மருந்து என்ன என்று ஆலைத் தரப்பைக் கேட்டபோது கிடைத்த பதில், இது கண்ணீர்ப்புகை மாதிரிதான், தண்ணீரில் கழுவினால் போதும் என்பது. மருத்துவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண்ணுக்குச் சொட்டு மருந்து, மூச்சுக்கு ஆக்சிஜன், ஸ்டீராய்டு, கைக்குக் கிடைத்ததைக் கொடுத்தார்கள். பெயர் தெரியாத விஷத்துக்கு அதற்கு மேல் என்ன கொடுக்க முடியும்? தொட்டிக்குள் நடந்த வேதிவினையில் என்னென்ன பொருட்கள் உண்டாயின என்ற முழுத் தகவலை நிறுவனம் கடைசிவரை தரவில்லை என்று பாதிக்கப்பட்டோர் அமைப்புகள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

அப்புறம் வந்தது தயோசல்ஃபேட் சண்டை. போபால் மருத்துவ வரலாற்றில் இதைத்தான் நான் முக்கியமான அத்தியாயமாக நினைக்கிறேன், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

காந்தி மருத்துவக் கல்லூரியில் தடயவியல் மருத்துவத் துறையில் இருந்தவர் ஹீரேஷ் சந்திரா. சடலங்களை அறுத்துப் பார்த்தபோது இரத்தமும் உறுப்புகளும் செர்ரிப் பழம்போலச் சிவந்திருந்ததைக் கவனித்தார். சயனைடு விஷத்தில் இப்படி ஆகும். சயனைடுக்கு மாற்று மருந்து உண்டு: சோடியம் தயோசல்ஃபேட் ஊசி. அது உடலிலுள்ள சயனைடைத் தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளும். விலை அதிகமில்லாத, பழைய மருந்து. ஜெர்மனியிலிருந்து மாக்ஸ் டாண்டரர் என்ற நச்சியல் மருத்துவர் இந்த மருந்தைக் கையோடு கொண்டு வந்து இறங்கினார். யூனியன் கார்பைடு தரப்பிலிருந்தே முதலில் வந்த ஒரு தந்தியில், சயனைடு என்று சந்தேகம் இருந்தால் தயோசல்ஃபேட் கொடுங்கள் என்ற வரி இருந்தது. சில நாட்களில் அந்த நிலைப்பாடு மாறிவிட்டது. மாநில சுகாதாரத் துறையும் ஆய்வக உறுதி இல்லாமல் அந்த ஊசியைப் போடக் கூடாது என்றது.

1985 தொடக்கத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அதாவது ஐ.சி.எம்.ஆர்., நோயாளிக்கும் மருத்துவருக்கும் எது மருந்து எது வெறும் நீர் என்று தெரியாத முறையில் ஒரு சோதனை செய்தது. ஊசி போட்டவர்களின் சிறுநீரில் தயோசயனேட் ஏறியது, பலருக்கு உடம்பும் தேறியது. பிப்ரவரியில் தயோசல்ஃபேட் கொடுக்கலாம் என்று ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டவும் செய்தது. ஆனால் போபாலின் மருந்தகங்களில் அது பரவலாகப் போய்ச் சேரவில்லை. ஆலை வளாகத்திலேயே தன்னார்வ மருத்துவர்கள் ஒரு மக்கள் மருந்தகம் தொடங்கி ஊசி போட ஆரம்பித்தார்கள். ஊசிக்கு முன்னும் பின்னும் சிறுநீரைச் சோதித்துக் குறித்தும் வைத்தார்கள். 1985 ஜூனில் போலீஸ் உள்ளே புகுந்தது. மருத்துவர்கள் கைதானார்கள், பதிவேடுகள் பறிபோயின.

நோயாளிகளின் இரத்தத்தில் சயனைடின் பங்கு எவ்வளவு என்பதில் நிபுணர்கள் இன்றுவரை ஒரே கருத்தில் இல்லை. அது வேறு விவாதம். நான் சொல்ல வருவது இதுதான். ஒரு ஊசி, ஒரு சிறுநீர்ப் பரிசோதனை, பக்கத்தில் ஒரு பெயர், தேதி. இதை முதல் ஆறு மாதம் எல்லோருக்கும் செய்திருந்தால் சிகிச்சையும் நடந்திருக்கும், யார் உடம்பில் எவ்வளவு விஷம் ஏறியது என்ற பட்டியலும் தானாகக் கிடைத்திருக்கும். அப்படி ஒரு பட்டியல் கிடைத்தால் அது நீதிமன்றத்திலும் பேசும். அதை விரும்பாதவர்கள் இருந்தார்கள் என்று நான் நினைக்கிறேன். ஆதாரம் கேட்டால் என்னால் காட்ட முடிவது அந்த வரிசைக் கிரமத்தை மட்டும்தான்.

சரி, காகிதம் இல்லாமல் போனது. அடுத்து காகிதம் கேட்கும் காலம் வந்தது.

1985இல் ஒரு சட்டம் போட்டு, பாதிக்கப்பட்ட எல்லோர் சார்பிலும் வழக்காடும் உரிமையை இந்திய அரசே எடுத்துக்கொண்டது. இழப்பீடு கேட்டு பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் வந்தன. மனுதாரர்களை மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்து, மதிப்பெண் போட்டு, வகை பிரித்தார்கள். விபத்து நடந்து வருடங்கள் கழித்து, ஒரு முறை வந்து ஊதிக்காட்டும் மூச்சுச் சோதனை, ஒரு எக்ஸ்ரே, கையில் இருக்கும் பழைய சீட்டுகள். இவற்றை வைத்துத் தீர்ப்பு. முதல் வாரங்களில் பெரும்பாலோருக்கு ஒழுங்கான சீட்டே எழுதப்படவில்லை. கூலி வேலைக்குப் போகிறவன் மருந்தகத்துக்குப் போனதற்குச் சாட்சி எங்கே வைத்திருப்பான்? குடிசையில் பெட்டி ஏது?

முடிவில் பெரும்பாலோர் தற்காலிகப் பாதிப்பு என்ற வகையில் விழுந்தார்கள். 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்கு அரசும் நிறுவனமும் சமரசம் செய்துகொண்டன. பிற்பாடு ஆள் ஒன்றுக்கு 25,000 ரூபாய் என்று பெரும்பாலோருக்குக் கிடைத்தது, அதிலும் இடைக்கால நிவாரணமாக மாதம் 200 ரூபாய் வாங்கியதைக் கழித்துக்கொண்டார்கள். 2006இல் அரசு நீதிமன்றத்தில் தந்த பிரமாணப் பத்திரத்தில் காயமடைந்தோர் 5,58,125 பேர். அதில் நிரந்தரமாகக் கடும் ஊனமானவர்கள் சுமார் 3,900 பேர் மட்டும்.

இந்தத் தற்காலிகம் என்ற சொல் இழப்பீட்டோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அது மருத்துவமனைக்குள்ளும் வந்துவிட்டது. கோப்பில் தற்காலிகம் என்று இருப்பவருக்கு வாழ்நாள் சிகிச்சைத் திட்டம் யார் போடுவார்கள்? மூச்சிரைப்போடு வருகிறவருக்கு அன்றைய மூச்சிரைப்புக்கு மாத்திரை. கண்ணெரிச்சலுக்குச் சொட்டு. கை கால் வலிக்கு வலி மாத்திரை. வருடக்கணக்கில் ஸ்டீராய்டும் ஆன்டிபயாட்டிக்கும் வலி மாத்திரையும் மாறி மாறிச் சாப்பிட்டு, இப்போது சிறுநீரகம் கெட்டு வருகிறவர்களின் நோய்க்கு எது காரணம், வாயுவா மருந்தா என்று கேட்டால் பிரித்துச் சொல்ல வழியில்லை. பழைய பதிவு இருந்தால்தானே பிரிக்க முடியும்?

ஐ.சி.எம்.ஆர். ஆராய்ச்சியே செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. 80,021 பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் இருந்த பகுதிகளைக் கடுமை, நடுத்தரம், லேசானது என்று பிரித்து வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். நுரையீரல், கண், கர்ப்பம், மனநலம் என்று இருபதுக்கும் மேற்பட்ட ஆய்வுகள். அருமையான தொடக்கம். ஆனால் 1994இல் அவை நின்றன. புற்றுநோய் போன்றவை தலைகாட்டப் பத்து இருபது வருடம் ஆகும், சரியாக அந்த நேரத்தில் கடையை மூடினார்கள். தொகுப்பு அறிக்கை மக்கள் கைக்கு வர இன்னும் பத்து வருடம் போலப் பிடித்தது. போபாலில் இதற்கென்று தேசிய சுற்றுச்சூழல் சுகாதார ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது 2010இல். நடுவில் ஒன்றரை தலைமுறை போய்விட்டது.

காகிதத்தில் வராத நோய்களில் இரண்டைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

ஒன்று மனசு. விபத்து நடந்த சமயத்தில் மத்தியப் பிரதேசத்தின் மருத்துவக் கல்லூரிகளில் மனநலத் துறையே கிடையாது. மனநல மருத்துவர்கள் வெளியூரிலிருந்து வந்து சேரவே இரண்டு மாதம் ஆனது. லக்னோ குழு ஒன்று பத்து மருந்தகங்களுக்கு வந்த 855 பேரைப் பார்த்ததில் 193 பேருக்கு, அதாவது ஐந்தில் ஒருவருக்கும் மேலே, சிகிச்சை தேவைப்படும் மனநோய் இருந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையிலிருந்து வந்தவர்கள் பொது மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். நல்ல வேலை. ஆனால் இழப்பீட்டு மதிப்பெண் பட்டியலில் மனநோய்க்கு இடம் தரவில்லை. மதிப்பெண் இல்லாத நோய்க்கு அரசு மருந்தகத்தில் என்ன மரியாதை கிடைக்கும்? படபடக்கிறது, தூக்கம் வரவில்லை, மறதி என்று சொல்கிறவர்களைப் பணத்துக்காக நடிக்கிறார்கள் என்று ஊழியர்களே பேச ஆரம்பித்தார்கள். 1994இல் பல நாடுகளிலிருந்து வந்த மருத்துவர்கள் கொண்ட சர்வதேசக் குழு ஒன்று, நரம்பு மண்டலப் பாதிப்பும் மனநோயும் கணக்கில் விடப்பட்டதை எடுத்துச் சொன்னது. பெரிய மருத்துவமனைகளைவிடத் தெருவோரச் சமூக மருந்தகங்களே இவர்களுக்குத் தேவை என்றும் சொன்னது. அந்த ஆலோசனையின் மதிப்பு வருடம் போகப் போகத்தான் தெரிகிறது.

இரண்டு, பெண்கள். ஆலையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அன்று கர்ப்பமாக இருந்த 865 பெண்களைப் பற்றிய ஆய்வில் 43 சதவீதக் கர்ப்பங்கள் உயிருள்ள குழந்தையாக முடியவில்லை. பிறந்த குழந்தைகளிலும் நூற்றுக்குப் பதினான்கு ஒரு மாதத்துக்குள் இறந்தன. வெள்ளைப்படுதல், மாதவிடாய்க் கோளாறு, இடுப்பெலும்புப் பகுதி அழற்சி இதையெல்லாம் 1985லேயே ராணி பாங், மீரா சத்கோபால் ஆகிய இரு மருத்துவர்கள் வீடு வீடாகப் போய்க் கண்டு சொன்னார்கள். வாயு என்றால் நுரையீரலும் கண்ணும்தான் என்று முடிவுகட்டியிருந்தவர்கள் காதில் அது ஏறவில்லை. பெண் மருத்துவர் இல்லாத மருந்தகத்தில், பர்தா போட்டு வரும் பெண் எந்த வாயால் இதைச் சொல்வாள்? கல்யாணமாகாத பெண்களுக்கு இன்னொரு கஷ்டமும் இருந்தது. விஷவாயுப் பெண் என்று பெயர் வந்துவிட்டால் வரன் வராது. அதனால் வீட்டாரே பரிசோதனைக்கு அனுப்பவில்லை, மறைத்தார்கள். அப்படி மறைக்கப்பட்டவள் பின்னால் எந்தச் சீட்டை எடுத்து நீட்டுவாள்? கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனவள் கதை இன்னும் மோசம். இலவச சிகிச்சை போபாலில்தான், அவள் இருப்பது வேறு மாவட்டத்தில்.

இனி அந்தப் பெரிய மருத்துவமனைக்கு வருவோம். யூனியன் கார்பைடின் இந்தியப் பங்குகளை உச்ச நீதிமன்ற ஆணைப்படி விற்ற பணத்தில் எழுந்தது போபால் நினைவு மருத்துவமனை. இதயம், நுரையீரல், சிறுநீரகம் என்று உயர்சிறப்புப் பிரிவுகள், நகருக்குள் கிளை மருந்தகங்கள். முதல் சில வருடங்கள் நல்ல பெயர். அப்புறம் இரண்டு காரியங்கள் நடந்தன.

முதலாவது, 2004க்குப் பிறகான சில வருடங்களில் அங்கே மருந்து நிறுவனங்களின் சோதனைகள் நடந்தன. சோதனையில் தாங்கள் சேர்க்கப்பட்டதே தெரியாது என்று நோயாளிகள் சிலர் பின்னால் சொன்னார்கள். விசாரணைகள் வந்தன, செய்தியானது. சட்டப்படி யார் தப்பு என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதன் பிறகு அந்தத் தெருக்களில் பரவிய பேச்சு. ஆஸ்பத்திரியில் படுத்தால் எலி மாதிரி நம்மை வைத்துப் பார்ப்பார்கள் என்ற பயம். ஏற்கெனவே ஒரு நிறுவனமும் ஒரு அரசும் பொய் சொன்ன மக்கள் அவர்கள். மூன்றாவது பொய்யைத் தாங்கும் அளவு நம்பிக்கை அவர்களிடம் மிச்சமில்லை. கதவு திறந்திருந்தும் நோயாளி படியேறத் தயங்கினால் அதுவும் தடைதான்.

இரண்டாவது, மருத்துவர்கள் போய்விட்டார்கள். மருத்துவமனையை நடத்திவந்த அறக்கட்டளை விலகியது, நிர்வாகம் கைமாறியது, 2012 வாக்கில் ஐ.சி.எம்.ஆரிடம் வந்தது. வேலை நிரந்தரமா, சம்பள விகிதம் எது, பதவி உயர்வு உண்டா என்று எதற்கும் தெளிவான பதில் இல்லாத இடத்தில் ஒரு சிறுநீரக நிபுணர் எதற்கு இருக்க வேண்டும்? டயாலிசிஸ் எந்திரம் இருக்கும், அந்தப் பிரிவுக்கு நிபுணர் இருக்கமாட்டார். நீதிமன்றம் அமைத்த கண்காணிப்புக் குழுவின் அறிக்கைகளில் காலிப் பணியிடம் என்ற சொல் வருடத்துக்கு வருடம் திரும்பி வருகிறது. கட்டிலை எண்ணுகிறவர்கள் இதை எண்ணுவதில்லை.

அந்தக் கண்காணிப்புக் குழு எப்படி வந்தது என்பதும் காகிதக் கதைதான். அப்துல் ஜப்பார் தலைமையில் இருந்த பெண்கள் அமைப்பும் வேறு இரு அமைப்புகளும் 1998இல் உச்ச நீதிமன்றம் போனார்கள். ஜப்பாரே வாயுவில் கண்ணும் நுரையீரலும் பாதிக்கப்பட்டவர். கேட்டது என்ன? பெரிய தொகை எதுவும் இல்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு மருத்துவக் கையேடு, ஒரு அட்டை, எல்லா மருத்துவமனைப் பதிவுகளையும் கணினியில் இணைப்பது, எந்த நோய்க்கு என்ன சிகிச்சை என்ற பொது நெறிமுறை. அதாவது மஞ்சள் பையை அரசு தைத்துக் கொடு என்றார்கள். அந்த வழக்கில்தான் கண்காணிப்புக் குழு அமைந்தது. தீர்ப்பு வந்தது 2012 ஆகஸ்டில். பதினான்கு வருடம். கேட்டதில் பெரும்பகுதியை நீதிமன்றம் ஆணையாகவே போட்டது, மேற்பார்வையை மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றத்திடம் விட்டது. 2023 கடைசியில் அதே உயர் நீதிமன்றம், அந்த ஆணைகளை நிறைவேற்றவில்லை என்று அதிகாரிகள் மீது அவமதிப்பு நடவடிக்கை வரை போனது. ஜப்பார் 2019 நவம்பரிலேயே இறந்துவிட்டார். மறு வருடம் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

2020 மார்ச்சில் கொரோனா வந்ததும் மாநில அரசு நினைவு மருத்துவமனையை முழுக்கக் கொரோனா மருத்துவமனையாக மாற்றியது. உள்நோயாளிகளை வெளியே அனுப்பினார்கள். வேறு கதி இல்லாதவர்களுக்கென்று நீதிமன்றம் சொல்லிக் கட்டிய இடம் அது. எதிர்ப்பு வலுத்து ஏப்ரலில் அந்த முடிவைத் திரும்பப் பெற்றார்கள். இடையில் போபாலில் கொரோனாவில் முதலில் இறந்தவர்கள் எல்லோருமே விஷவாயுவில் பிழைத்தவர்கள் என்று அமைப்புகள் பெயரோடு காட்டின. நுரையீரல் தழும்பேறிப்போன மக்கள்தான் முதலில் விழுவார்கள் என்று யூகிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. ஆனால் யார் யார் நுரையீரல் அப்படி இருக்கிறது என்ற பட்டியல் கையில் இருந்திருக்க வேண்டும்.

வேறு நாட்டில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்களா என்று அடுத்து கேட்பீர்கள். நியூயார்க் இரட்டைக் கோபுரம் ஒரு நல்ல ஒப்பீடு, ஆரம்பம் இரண்டுக்கும் ஒன்றுதான். 2001 செப்டம்பர் 18ஆம் தேதி, கோபுரம் விழுந்து ஒரு வாரத்தில், காற்று சுவாசிக்கப் பாதுகாப்பானது என்று அமெரிக்க சுற்றுச்சூழல் முகமை அறிவித்தது. தூசியைச் சுவாசித்த மீட்புப் பணியாளர்கள் பின்னால் மூச்சு முட்டி வந்தபோது, உன் நோய்க்கும் தூசிக்கும் சம்பந்தம் என்ன என்று அங்கேயும்தான் கேட்டார்கள். ஜேம்ஸ் சட்ரோகா என்ற காவல் துப்பறிவாளர் 2006இல் இறந்தபோது அவர் சாவுக்குத் தூசி காரணமா என்று மருத்துவர்களே சண்டை போட்டார்கள். பத்து வருடம் அலையவிட்டு, 2011 ஜனவரியில் அவர் பெயரிலேயே சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தில் நான் பார்க்கும் அழகு பணம் அல்ல. இன்னின்ன இடத்தில் இன்ன காலத்தில் இருந்தாய் என்று ஒரு முறை காட்டி, பட்டியலில் உள்ள நோய் உனக்கு இருந்தால், திட்டத்தின் மருத்துவர் பார்த்துச் சான்று தருவார், சிகிச்சை தொடரும். நோய்ப் பட்டியலும் வளரும், 2012இல் ஐம்பது வகைப் புற்றுநோய்களைச் சேர்த்தார்கள். 2015இல் அந்தத் திட்டத்தை 2090 வரை நீட்டினார்கள். அன்று குழந்தையாக இருந்தவர் கிழவராகும்வரை கணக்குப் போட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் பணத் தட்டுப்பாடு, காத்திருப்பு எல்லாம் உண்டு. ஆனால் நிரூபிக்கும் பாரத்தை ஒரு நோயாளி ஒவ்வொரு முறையும் தலையில் சுமந்து வர வேண்டியதில்லை.

போபாலிலேயே சின்ன அளவில் இதைச் செய்தும் காட்டியிருக்கிறார்கள். 1996இல் திறந்த சம்பாவ்னா மருந்தகம் ஆலைக்குக் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. பதிவு செய்த ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு, வீடு தேடிப் போகும் சுகாதாரப் பணியாளர்கள், ஆங்கில மருத்துவத்தோடு ஆயுர்வேதமும் யோகாவும். யோகாவைக் கேட்டதும் எனக்கும் முதலில் புருவம் உயர்ந்தது. ஆனால் மூச்சுப் பயிற்சியால் மாத்திரையின் அளவைக் குறைக்க முடிகிறதா என்று அளந்து எழுதிவைக்கும் இடம் அது, அந்த ஒழுங்கே பாதி வைத்தியம். வாயு பட்ட பெற்றோருக்குப் பிறந்த ஆண்பிள்ளைகளின் வளர்ச்சி குன்றியிருப்பதை அளந்து சொன்ன ஆய்வும் அங்கிருந்து வந்ததுதான், 2003இல் ஒரு பெரிய அமெரிக்க மருத்துவ இதழில் வெளியானது. விஷவாயுவில் பிழைத்துப் போராடிவந்த ரஷீதா பீயும் சம்பா தேவி சுக்லாவும் 2004இல் கிடைத்த கோல்ட்மன் சுற்றுச்சூழல் பரிசுப் பணத்தை வைத்து, ஊனத்தோடு பிறந்த குழந்தைகளுக்காகச் சிங்காரி என்ற மையத்தைத் தொடங்கினார்கள்.

இங்கேதான் உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதி வருகிறது, இனி எத்தனை பேர் மிச்சம் என்று கேட்டது. 1991இலேயே உச்ச நீதிமன்றம், அப்போது அறிகுறி இல்லாதவர்களும் பின்னால் பிறக்கும் குழந்தைகளுமாகச் சுமார் ஒரு லட்சம் பேருக்கு மருத்துவக் காப்பீடு எடுக்கும்படி மத்திய அரசிடம் சொன்னது. அது நடக்கவில்லை என்பது போபாலில் தெருவில் போகிற எவருக்கும் தெரியும். இழப்பீட்டுக் கணக்கிலும் பின்னால் பிறந்தவர்களுக்கு இடமில்லை. கூடுதல் இழப்பீடு கேட்டு மத்திய அரசு போட்ட குறைதீர் மனுவையும் (curative petition) 2023 மார்ச் 14 அன்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. இது போக, ஆலைக் கழிவு கலந்த நிலத்தடி நீரைக் குடித்தவர்கள் தனிக் கூட்டம். 1984 இரவில் அந்த ஊரிலேயே இல்லாதவர்களும் அதில் இருக்கிறார்கள்.

2023இல் வந்த ஓர் ஆய்வு, தேசியக் குடும்பநல ஆய்வின் தரவுகளை வைத்து, அந்த இரவில் தாயின் வயிற்றில் இருந்தவர்களை எடுத்துப் பார்த்தது. போபாலைச் சுற்றி நூறு கிலோமீட்டர் வரை அப்படி இருந்த ஆண்களுக்கு, மற்றவர்களைவிட வேலைக்கு இடைஞ்சலாகும் ஊனம் அதிகம், புற்றுநோய் அதிகம், படிப்பும் குறைவு. பாதிக்கப்பட்ட வார்டுகள் என்று அரசு அறிவித்தது போபால் நகருக்குள் 36 வார்டுகளை. ஆய்வு காட்டும் வட்டம் அதைத் தாண்டி எங்கோ போகிறது.

அவர்களுக்கு இப்போது நாற்பது வயது. ஏதோ ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். பெயர், வயது, எடை, இரத்த அழுத்தம் எல்லாம் எழுதியிருக்கும். அம்மா வயிற்றில் இருந்தபோது எந்த ஊரில் இருந்தாய் என்று அந்தச் சீட்டில் கேட்க ஒரு கட்டம் கிடையாது.